எச்.ஆர். படிப்பு: பாடத்திட்டத்தைப் பிரித்துப் பார்த்தீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழோடு வந்த கல்வி இணைப்பில், பட்டப்படிப்பு முடித்தவர்கள் அடுத்து என்ன படிக்கலாம் என்ற பக்கத்தைப் படித்தேன். தரவு அறிவியலுக்கு அரைப் பக்கம். நிதி மேலாண்மைக்குக் கால் பக்கம். மனிதவள மேலாண்மைக்கு ஒரு சின்னப் பெட்டி, ஏழே வரி. பேச்சுத் திறமையும் கலகலப்பாகப் பழகும் குணமும் இருந்தால் எம்.பி.ஏ.வில் எச்.ஆர். எடுக்கலாம் என்று சொல்லி முடித்துவிட்டீர்கள்.

அந்த ஏழு வரியால் என் வீட்டில் ஒரு வாரம் ஒரே பேச்சு. என் தம்பி அந்தப் பெட்டியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு திருவள்ளூரிலிருந்து வந்துவிட்டான். கூடவே பி.காம். இறுதியாண்டு எழுதி முடித்திருக்கும் அவன் மகள். "அண்ணே, இவ நல்லாப் பேசுவா. பேப்பர்லயே போட்டிருக்கான் பாருங்க" என்றான். அவள் நன்றாகப் பேசுவாள் என்பது உண்மைதான். ஆனால் அந்த வேலையில் நான் இருந்த 35 வருஷத்தில் பேசியதைவிட வாயை மூடிக்கொண்டு கேட்டதுதான் அதிகம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. 1983இல் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் இயந்திர உதிரிபாக ஆலையில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். காலை ஆறு மணி ஷிப்டுக்கு டன்லப் ஸ்டாப்பிங்கில் இறங்கி ஓடி வருகிறவர்களின் கார்டில் பஞ்ச் விழுந்ததா என்று பார்ப்பதும், மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டை எழுதுவதும், ஓ.டி. என்ற கூடுதல் நேர வேலையின் மணிக்கணக்கைக் கூட்டுவதும் என் வேலை. வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் தொழிலாளர் நிர்வாகப் பட்டயம் முடித்தேன். 1991இல் நல அலுவலர். 2018இல் 58 வயதில் ஓய்வு. நான் சேர்ந்தபோது கதவில் 'பர்சனல் டிபார்ட்மெண்ட்' என்று பலகை. ஓய்வு பெறும்போது அதே கதவில் 'ஹியூமன் ரிசோர்சஸ்'. உள்ளே இருந்த மேஜையும் ஃபைல் ரேக்கும் மாறவில்லை.

தம்பி மகளையும் அழைத்துக்கொண்டு மூன்று கல்லூரிகளைப் போய்ப் பார்த்தேன். முதலாவது புறநகரில் இருக்கும் ஒரு மேலாண்மைக் கல்லூரி, பெயர் வேண்டாம். வரவேற்பறையில் ஏ.சி., நல்ல காபி, பளபளக்கும் கையேடு. இரண்டு வருஷத்துக்குக் கட்டணம் நான்கு லட்சத்து எண்பதாயிரம், விடுதி தனி. சுவரில் வேலை கிடைத்த மாணவர்களின் படங்கள். பாடத்திட்டம் வேண்டும் என்று கேட்டேன். கையேட்டிலேயே இருக்கிறது என்றார்கள். அதில் படங்கள்தான் இருந்தன. மறுபடி கேட்ட பிறகு, உள்ளே போய் ஜெராக்ஸ் எடுத்து வந்தார்கள். நான்கு பருவம். முதல் இரண்டில் கணக்கியல், சந்தையியல், உற்பத்தி மேலாண்மை, புள்ளியியல் என்று எல்லோருக்கும் பொதுவான பாடங்கள். மூன்றாம் பருவத்தில்தான் எச்.ஆர். தலைகாட்டுகிறது. தொழிலாளர் சட்டம் என்பது விருப்பப் பாடம். "போன வருஷம் ரெண்டு பேர்தான் கேட்டாங்க சார், அதனால நடத்தல" என்றார் அங்கிருந்த இளம் பேராசிரியை, கொஞ்சம் சங்கடத்தோடு.

எங்களுக்குக் கட்டடத்தைச் சுற்றிக் காட்ட இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் வந்தார். எச்.ஆர். பிரிவு. மரியாதையான பையன். நடந்துகொண்டே ஒரு கணக்குக் கேட்டேன். ஒரு தொழிலாளி 22 வருஷம் 7 மாதம் வேலை பார்த்து ஓய்வு பெறுகிறார். கடைசியாக வாங்கியது அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 18,200 ரூபாய். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, எவ்வளவு? பையன் கைபேசியை எடுத்தார். சம்பளத்தை 30ஆல் வகுத்தார், 15ஆல் பெருக்கினார், 22ஆல் பெருக்கினார். "ரெண்டு லட்சத்து இருநூறு சார்."

வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்பது சரி. ஆனால் வகுக்க வேண்டியது 30ஆல் அல்ல, 26ஆல். வார விடுமுறை நான்கு நாள் போக வேலை நாள் அவ்வளவுதான் என்பது சட்டத்தின் கணக்கு. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சத்தை முழு வருஷமாக எடுக்க வேண்டும் என்பதால் 22 அல்ல, 23. 18,200ஐ 26ஆல் வகுத்தால் 700. பதினைந்து நாளுக்கு 10,500. அதை 23ஆல் பெருக்கினால் 2,41,500. வித்தியாசம் 41,300 ரூபாய். 1972ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே வரும் கணக்கு இது, ரகசியம் ஒன்றுமில்லை. பையன் மேல் எனக்குக் கோபமும் இல்லை. யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. நான்கு லட்சத்து எண்பதாயிரம் வாங்கிக்கொண்டு சொல்லித்தரவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தம்பி மகள் கேட்டாள்: "பெரியப்பா, இதெல்லாம் இப்ப சாஃப்ட்வேர் பண்ணிடும்ல?" பண்ணும். அந்த மென்பொருளில் 26 என்று போடுவதா 30 என்று போடுவதா என்று ஒருவர் சொல்ல வேண்டுமே.

எங்கள் டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வாரத்துக்கு ஒருவராவது பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பாஸ்புக்கோடு வருவார். "சார், என் பங்கு இவ்ளோ போயிருக்கு. கம்பெனி பங்கு ஏன் கம்மியா காட்டுது? அமுக்கிட்டாங்களா?" யாரும் அமுக்கவில்லை. இருவர் பங்கும் 12 சதவீதம்தான். நிர்வாகம் கட்டும் பன்னிரண்டில் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. அதற்கும் 15,000 ரூபாய் சம்பளம் என்ற உச்சவரம்பு இருப்பதால் மாதம் 1,250க்கு மேல் போகாது. இதை ஒரு பேப்பரில் கோடு போட்டுக் காட்டினால் இரண்டு நிமிஷ வேலை. காட்டத் தெரியாதவர் "ஹெட் ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்" என்பார். அடுத்த நாள் கேன்டீனில் 'கம்பெனி பி.எஃப்.பை அமுக்குது' என்று பேச்சாகிவிடும்.

இன்னொன்று. 2016 மார்ச்சில் ஒரு தொழிலாளி என் அறைக்கு வந்து, "சார், எனக்கு இன்க்ரிமெண்ட் வேணாம்" என்றார். சம்பள உயர்வு வேண்டாம் என்று ஒருவர் கேட்டால் புதிதாக வந்த எச்.ஆர். பெண்ணுக்கு ஆச்சரியம், எனக்கு இல்லை. அவர் மனைவிக்கு அயனாவரம் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீட்டு) மருத்துவமனையில் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. அப்போது இ.எஸ்.ஐ.யில் இருக்க மாதச் சம்பள உச்சவரம்பு 15,000. ஏப்ரல் முதல் வரவிருந்த உயர்வு அவரை அந்தக் கோட்டுக்கு மேலே தள்ளிவிடும், காப்பீடு போய்விடும். ஆனால் இ.எஸ்.ஐ.யில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என்று இரண்டு சந்தா காலம் உண்டு. சந்தா காலம் தொடங்கிய பிறகு நடுவில் சம்பளம் ஏறினால், அந்தக் காலம் முடியும்வரை அவர் உள்ளேதான் இருப்பார். ஏப்ரல்-செப்டம்பர் சந்தாவுக்கான பலன் அடுத்த ஜூன் வரை வரும். எனவே அவர் எழுதிக் கொடுத்த சம்மதத்தின் பேரில் உயர்வை ஒரு மாதம் தள்ளி மே முதல் போட்டோம். ஒரு மாத உயர்வு அவருக்கு நஷ்டம், 2017 ஜூன் வரை வைத்தியம் மிச்சம். அதற்குள் 2017 ஜனவரியில் உச்சவரம்பு 21,000 ஆனது, மறுபடி உள்ளே வந்துவிட்டார்.

இதற்குப் பேச்சுத் திறமை எதுவும் வேண்டியிருக்கவில்லை. விதி தெரிந்திருக்க வேண்டும், அவர் வீட்டு நிலைமையும் தெரிந்திருக்க வேண்டும். மனிதவளம் படிப்பு என்றால் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லித்தரும் படிப்பு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் எல்லாம் தெரிந்தவன் என்ற தோரணையில் எழுதுவதாக நினைத்துவிட வேண்டாம். என் பெரிய தவற்றையும் சொல்லிவிடுகிறேன். 1992இல், நல அலுவலராகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. இரவு ஷிப்டில் மெஷின் பக்கத்தில் தூங்கியதாக லேத் ஆபரேட்டர் ஒருவர் மேல் புகார். பதினான்கு வருஷ சர்வீஸ். பழைய ஃபைலிலிருந்த ஆங்கில சார்ஜ் மெமோவை (குற்றச்சாட்டுக் கடிதம்) பார்த்து, பெயரையும் தேதியையும் மாற்றி, நானே அடித்துக் கொடுத்தேன். உள் விசாரணையும் ஆங்கிலத்திலேயே நடந்தது. அவர் எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டார். வேலைநீக்கம். வழக்கு தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போய், ஐந்து வருஷம் கழித்துத் தீர்ப்பு வந்தது. தெரியாத மொழியில் நடந்த விசாரணை நியாயமான விசாரணை அல்ல. தூங்கியது நிஜமாகவே இருந்தாலும் பதினான்கு வருஷ சர்வீஸுக்கு வேலைநீக்கம் அதிகப்படி. மீண்டும் வேலை, வேலையில்லாமல் இருந்த காலத்துக்குப் பாதிச் சம்பளம். தொழில் தகராறு சட்டத்தின் 11-ஏ பிரிவு, தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கு அன்றைக்குத் தந்திருந்தது. இது எனக்குத் தெரியாதா? பட்டயத் தேர்வில் இதே கேள்விக்கு, 'எதிர்த்தரப்பையும் கேள்' என்ற இயற்கை நீதியைப் பற்றி மூன்று பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் அவர் என் மேஜைக்கு வந்தார். சண்டை போட வரவில்லை. "சார், அன்னைக்கு நீங்க குடுத்த காகிதத்துல என்னதான் எழுதியிருந்துச்சு? இப்பவாவது சொல்லுங்க" என்றார். ஃபைலை எடுத்துத் தமிழில் படித்துக் காட்டினேன். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை என் கையிலிருந்து தமிழில் இல்லாத ஒரு மெமோ போகவில்லை.

படித்தது பரீட்சைக்கு வந்தது, மேஜைக்கு வரவில்லை. ஏன் என்று பின்னாளில் யோசித்திருக்கிறேன். என் பட்டயப் படிப்பில் களப்பணி கிடையாது. ஒரு விசாரணையை நேரில் உட்கார்ந்து பார்த்ததில்லை. ஒரு தொழிலாளியின் எதிரில் உட்கார்ந்து அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதிப் பழகியதில்லை. அதனால்தான் கல்லூரி தேடுகிறவர்களிடம் சட்டப் பாடம் இருக்கிறதா என்று கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், களத்தில் எத்தனை நாள் என்றும் கேளுங்கள் என்கிறேன்.

இந்த வேலை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் எந்தப் படிப்பு என்பது ஓரளவு புரியும். ஒரு காலத்தில் ஆலைக்கு ஆள் எடுப்பது, லீவு கொடுப்பது, வேலையைவிட்டுத் துரத்துவது எல்லாம் மேஸ்திரி கையில். மேஸ்திரிக்குக் காணிக்கை வைக்காமல் உள்ளே நுழைய முடியாது. 1931இல் அறிக்கை கொடுத்த அரச தொழிலாளர் ஆணையம், இந்தப் பிடியை உடைக்க ஆலைகளில் தொழிலாளர் அலுவலர்களை வைக்கச் சொன்னது. அதற்கும் பதின்மூன்று வருஷம் முன்பே, 1918 ஏப்ரலில், பின்னி ஆலைத் தொழிலாளர்கள் இதே சென்னையில் மெட்ராஸ் லேபர் யூனியனைத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் சங்கத்தை நடத்திய பி.பி. வாடியா, செல்வபதி செட்டியார், திரு.வி.க. ஆகியோர் பெயர்கள் நம்மில் பலருக்குத் தெரியும். சுதந்திரம் வந்த அடுத்த வருஷம், 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆம் பிரிவு 500 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஆலையில் நல அலுவலர் கட்டாயம் என்றது. ஆக, இந்த நாற்காலி சட்டத்தால் வந்த நாற்காலி. கலகலப்புக்காகப் போட்டதல்ல.

அதனால்தான் இந்தத் துறையின் பழைய கல்வி நிலையங்கள் பல, வணிகக் கல்வியிலிருந்து வராமல் சமூகப் பணியிலிருந்து வந்தன. மும்பையில் 1936இல் தொடங்கிய டாடா சமூக அறிவியல் நிறுவனம், நம் எழும்பூரில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய சமூகப் பணிக் கல்லூரி எல்லாம் அப்படித்தான். எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணி முதுநிலைப் பட்டம் என்றால் அநாதை இல்லத்தில் வேலை என்று என் தம்பி நினைத்துக்கொண்டிருந்தான். மனிதவளத்தைச் சிறப்புப் பாடமாக எடுக்கும் எம்.எஸ்.டபிள்யூ. உண்டு என்று சொன்னபோது நம்பவில்லை. நாங்கள் பார்த்த இரண்டாவது கல்லூரியில் அதுதான். பழைய கட்டடம், காபி கிடையாது, மண்பானைத் தண்ணீர். வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. மாணவர்களின் களப்பணி நோட்டுகளைக் காட்டினார்கள். ஒரு பெண், ஆலை கேன்டீன் கமிட்டிக் கூட்டத்தில் உட்கார்ந்து எழுதியிருந்தாள். 'பொங்கலில் மிளகு இல்லை' என்று நாற்பது நிமிஷம் சண்டையாம். ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் கேட்டிருந்தார்: 'உண்மையில் சண்டை எதைப் பற்றி?' அடுத்த வாரப் பக்கத்தில் அந்தப் பெண் கண்டுபிடித்து எழுதியிருந்தாள். ஷிப்ட் பஸ் பத்து நிமிஷம் தாமதமாக வருகிறது, வரிசையில் நின்று சாப்பிட நேரமில்லை, அந்தக் கோபம் பொங்கலில் இறங்கியிருக்கிறது. அந்தச் சிவப்பு மைக் கேள்விக்காகவே நான் அந்தக் கல்லூரிக்கு நூறு மார்க் போடுவேன்.

எம்.ஏ. என்று வரும் படிப்புகளையும் உங்கள் பெட்டி மறந்துவிட்டது. எழும்பூர் கல்லூரியில் மனிதவள மேலாண்மை எம்.ஏ. உண்டு. எங்கள் அம்பத்தூரிலேயே தமிழக அரசின் தொழிலாளர் கல்வி நிலையம் இருக்கிறது. அங்கே தொழிலாளர் மேலாண்மையில் பி.ஏ., எம்.ஏ., வேலை பார்ப்பவர்களுக்கு மாலை நேரத்தில் தொழிலாளர் நிர்வாக முதுநிலைப் பட்டயம், வார இறுதியில் தொழிலாளர் சட்டப் பட்டயம் எல்லாம் நடக்கின்றன. பக்கத்துத் தெருவில் இருப்பவர்களுக்கே அது தெரியவில்லை. விளம்பரம் கொடுக்க அரசு நிலையத்துக்கு ஏது காசு?

எம்.பி.ஏ. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி நல்ல கல்லூரியில் இடம் கிடைத்தால் தாராளமாகப் போகலாம். பட்ஜெட் என்றால் என்ன, உற்பத்தி என்றால் என்ன என்று தெரிந்த எச்.ஆர்.காரரை மேலாளர்கள் மதிப்பார்கள். அந்த மதிப்பு எனக்குக் கடைசிவரை முழுசாகக் கிடைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இரண்டு வருஷத்தில் ஒரு வருஷம் பொதுப் பாடம் என்பதைத் தெரிந்துகொண்டு சேருங்கள். பி.ஜி.டி.எம். என்பது மேலாண்மைப் பட்டயம், பட்டம் அல்ல என்பதைத் தெரிந்துகொண்டு சேருங்கள். தொலைநிலையில் படிக்கிறவர்கள் யு.ஜி.சி.யின் அங்கீகாரம் அந்த வருஷத்துக்கு, அந்தப் படிப்புக்கு இருக்கிறதா என்று பாருங்கள். நல அலுவலர் வேலைதான் குறி என்றால், மாநில விதிகள் அந்தப் பட்டத்தை ஏற்கின்றனவா என்று சேருவதற்கு முன்பே விசாரியுங்கள். சேர்ந்த பிறகு விசாரித்து அழுதவர்களை எனக்குத் தெரியும். பேராசிரியர் ஆக ஆசைப்படுகிறவர்களுக்கு யு.ஜி.சி. நெட் தேர்வில் தொழிலாளர் நலம், மனிதவள மேலாண்மை எல்லாம் சேர்ந்து 55ஆம் எண் பாடமாக இருக்கிறது.

இப்போது படிக்கப் போகிறவர்களுக்கு எங்கள் காலத்தில் இல்லாத ஒரு சங்கடமும் இருக்கிறது, வாய்ப்பும் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 29 மத்தியச் சட்டங்களை நான்காகச் சுருட்டியிருக்கிறார்கள். 'சம்பளம்' என்ற சொல்லுக்கே விளக்கம் மாறிவிட்டது. அலவன்ஸ் என்று பிரித்துக் காட்டும் தொகை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டியது சம்பளத்தில் சேரும். நான் மேலே போட்ட கிராஜுவிட்டிக் கணக்கில் அந்த 18,200 எது எது சேர்ந்து வந்தது என்பதே இனி ஒரு பாடம். குறிப்பிட்ட காலத்துக்கு ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவருக்கு ஐந்து வருஷம் காத்திருக்காமல் ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி உண்டு. ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற வரம்பு 100 பேரிலிருந்து 300 ஆகிவிட்டது. இதில் எனக்கு வருத்தம் உண்டு, அது வேறு கடிதம். நல அலுவலர் வைக்க வேண்டிய வரம்போ 500இலிருந்து 250க்கு இறங்கியிருக்கிறது. படித்துவிட்டு வருகிறவர்களுக்கு அது நல்ல செய்தி.

கல்லூரியில் இதைக் கேளுங்கள்: பாடத்திட்டத்தைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? நாங்கள் போன ஓரிடத்தில் 2017இல் மாற்றியதாகச் சொன்னார்கள், பெருமையாக.

தம்பி மகள் சும்மா தலையாட்டிக்கொண்டிருக்கிற ரகம் இல்லை. "பெரியப்பா, உங்க காலம் ஃபேக்டரி. நான் ஓ.எம்.ஆர்.ல ஐ.டி. கம்பெனிக்குப் போனா இதெல்லாம் எதுக்கு?" என்றாள். நியாயமான கேள்வி. எங்கள் எதிர்வீட்டுப் பெண் எம்.பி.ஏ. எச்.ஆர். முடித்துவிட்டு அங்கேதான் இருக்கிறாள். காலை முதல் மாலை வரை காதில் ஹெட்போன். "வேலை மாறுற ஐடியா இருக்கா? நோட்டீஸ் பீரியட் எவ்வளவு? எதிர்பார்க்கிற சம்பளம்?" என்ற மூன்று கேள்வி. இரண்டு வருஷமாக அதே மூன்று கேள்வி. ஆள் சேர்ப்பு கௌரவக் குறைவான வேலை அல்ல, ஆனால் இந்த வேலைக்கு முதுநிலைப் பட்டம் எதற்கு என்று அவளே என்னிடம் கேட்டாள்.

ஐ.டி.க்குச் சட்டம் இல்லை என்பதும் சரியல்ல. தொழில் தகராறு சட்டம் ஐ.டி. நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்று 2016இல் தமிழக அரசே தெளிவுபடுத்தியது. ஒரே நாளில் ராஜினாமா எழுதி வாங்கும் வேலையை யாரிடம் கொடுக்கிறார்கள்? எச்.ஆர். பெண்ணிடம்தான். அவள் கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பும்போது, அது சட்டப்படி சரியா என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள் குழு வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். கண்ணாடிக் கட்டடத்துக்கும் அதே சட்டம்தான்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவள் சொன்னது சரி. நான் மஸ்டர் ரோலைக் கையால் கூட்டியவன். எக்ஸெல் தாளில் ஆயிரம் பேரின் வருகையைக் கொட்டி, எந்த லைனில் திங்கட்கிழமைகளில் அதிகம் ஆப்சென்ட் என்று அவள் ஐந்து நிமிஷத்தில் எடுத்துக் காட்டினாள். எனக்கு அது தெரிய ஆறு மாதம் பிடித்திருக்கும். இன்னொன்றையும் அவளிடம் ஒப்புக்கொண்டேன். இன்றைக்கு அம்பத்தூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் லைனில் நிற்பவர்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் ஏராளம். தமிழில் மெமோ கொடுத்துவிட்டேன் என்று நான் மார்தட்டியது அவர்களிடம் செல்லாது. அன்றைக்கு லேத் ஆபரேட்டருக்கு ஆங்கிலம் எப்படியோ, இன்றைக்கு அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் அப்படி. இந்தி பேசத் தெரிந்த எச்.ஆர்.காரரைத் தேடி எடுக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். அரசியலை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொல்கிறேன், தொழிலாளியின் மொழி எதுவோ அதில் நாலு வார்த்தை தெரிந்திருக்க வேண்டும்.

2024 செப்டம்பரில் தொடங்கி, சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. தங்கள் நாளிதழ் தினமும் செய்தி போட்டது. சங்கத்தைப் பதிவு செய்வது பற்றிய சிக்கல். 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்துச் சங்கதி. அந்த நாட்களில் எம்.பி.ஏ. எச்.ஆர். படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரை ரயிலில் பார்த்தேன். இவ்வளவு பக்கத்தில் நடக்கிறதே, உங்கள் வகுப்பில் இதைப் பேசினார்களா என்று கேட்டேன். "எங்களுக்கு அந்த செமஸ்டர்ல லீடர்ஷிப் பேப்பர் சார்" என்றார்.

ஆசிரியர் அவர்களே, கடிதம் நீண்டுவிட்டது. வேண்டிய இடத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். 26ஐ மட்டும் வெட்டிவிடாதீர்கள். அடுத்த முறை இந்தப் பக்கத்தைப் போடும்போது எம்.எஸ்.டபிள்யூ., எம்.ஏ., மாலை நேரப் பட்டயம் எல்லாவற்றையும் சேர்த்துப் போடுங்கள். ஒவ்வொன்றிலும் தொழிலாளர் சட்டம் கட்டாயப் பாடமா விருப்பப் பாடமா, களப்பணி எத்தனை நாள், பாடத்திட்டம் எந்த வருஷத்தது, கட்டணம் எவ்வளவு என்று நான்கு கட்டம் போட்ட ஒரு அட்டவணை போதும். மாணவர்கள் கேட்டால் தராத கல்லூரி, பத்திரிகை கேட்டால் தரும்.

தம்பி மகள் விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எம்.ஏ.வுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். எக்ஸெல் வகுப்பும் போகிறாள், பக்கத்து வீட்டு ஒடிசாப் பையனிடம் நாலு வார்த்தை இந்தியும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். என் தம்பி மட்டும் உறவுக்காரர்கள் கேட்டால், "எம்.ஏ.ன்னு பேரு, ஆனா எம்.பி.ஏ. மாதிரிதான்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிலாளர் நல அலுவலர்,
அம்பத்தூர், சென்னை.